பக்கத்தில் ஓர் இருக்கை

1947 பெப்ரவரி 8, சனி
துறைமுகக் கந்தோரில் நாள் முழுக்கச் சரக்குக் கணக்கு. நாளை மோட்டார் சைக்கிள் பந்தயம். கொன்ஸ்ரன்ஸ் வரமாட்டாளாம். "நீங்கள் விழுறதைப் பார்க்க நான் ஏன் வரோணும்?" கலியாணமாகி மூன்று வருடம். இன்னும் அதே பேச்சு.

பெப்ரவரி 14
ஆஸ்பத்திரி. வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. எழுதிவிட்டு மறுபடி போர்வையைத் தூக்கிப் பார்த்தேன். இல்லை.

மூன்றாம் சுற்று, வளைவில் எண்ணெய். சறுக்கினது ஞாபகம். கம்பி வேலி. சைக்கிள் எனக்கு மேலே. அதுக்குப் பிறகு? ஒண்டுமில்லை.

பெப்ரவரி 26
வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து இரண்டு நாள். மோட்டார் சைக்கிளை யாரோ லொறியில் கொண்டுவந்து முற்றத்தில் போட்டிருக்கிறார்கள். முன் ஃபோர்க் மடிந்து, பெற்றோல் டாங்கி நசுங்கி, ஹாண்டில் திரும்பி... பார்க்க முடியவில்லை. "பழைய இரும்புக்குக் குடு" என்றேன். "ஓம்" என்றாள். மறுநாள் வண்டி வந்து ஏற்றிப்போனது.

மார்ச் 13
கந்தோரிலிருந்து தலைமைக் கிளார்க் வந்தார். மாத முடிவு வரைதான் என் இடத்தை வைத்திருப்பார்களாம். ரயிலில் கந்தோருக்குப் போகமுடியுமா என்று பின்னேரம் ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்தேன். பெட்டியில் ஏறும்போது ஊன்றுகோல் வழுக்கிவிட்டது. ஒருத்தர் ஷேர்ட்டைப் பிடித்து இழுத்திராவிட்டால் ரயிலுக்கு அடியில். கொன்ஸ்ரன்ஸிடம் சொல்லவில்லை. முழங்கைக் காயத்தைப் பார்த்தவள் மருந்து பூசிவிட்டாள்.

மார்ச் 19
என்ன நடக்குது இந்த வீட்டில்?

மருதானையில் கராஜ் வைத்திருக்கும் பதியுதீன் அளவு நாடாவோடு வந்து, "சேர், கொஞ்சம் நிமிர்ந்து இரிங்க" என்று என் இடுப்பை அளந்தார்.

"எதுக்கு?"

"சைட்காருக்கு. சைக்கிளுக்குப் பக்கத்தில பூட்டுற சீட்டு. ஆமிக்காரன் ஏலத்தில விட்டது ஒண்டு ஈக்கி. சீட்டு ஒடுக்கம், பெருப்பிக்கோணும். ஃபோர்க் புதுசு போட்டாச்சு. டாங்கியும் தட்டி எடுத்தாச்சு."

"என்ர சைக்கிளா? இரும்புக்குப் போனதெல்லோ?"

அவர் கொன்ஸ்ரன்ஸைப் பார்த்தார். அவள் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆர் ஓட்டுறது?"

"நான்தான்," என்றாள் நிமிராமலே. "ரெண்டு கிழமையாப் பழகுறன்."

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

மார்ச் 20
பெரிய சண்டை. "ஊர் சிரிக்கும்!" என்று கத்தினேன். "சிரிக்கட்டும். நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறதை என்னால பார்க்கேலாது." அவள் அழுதது இன்றுதான். விழுந்த நாளிலிருந்து இன்றுதான்.

அந்த மெஷினில் ஏறி இருக்க என்னால் முடியுமா? கண்ணை மூடினால் வேலிதான் வருகிறது.

மார்ச் 31, திங்கள்
ஏறினேன். கவுனைச் சுற்றிச் செருகிக்கொண்டு ஒரே உதையில் ஸ்டார்ட் பண்ணினாள். ஒழுங்கைச் சனம் முழுக்க வாசலில் நின்றது. காலி வீதியில் முதல் திருப்பத்தில் என்னையறியாமல் "அம்மா!" என்று அலறிவிட்டேன். உடனே நிறுத்தினாள். என் தோளில் கை வைத்தபடி காத்திருந்தாள். பிறகு மெல்ல எடுத்தாள். பம்பலப்பிட்டியில் கையைக் காட்டி மறித்த பொலிஸ்காரர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். "யன்ன நோனா" என்று சிங்களத்தில் போகச் சொல்லி வழிவிட்டார்.

கந்தோர் வாசலில் இறங்கும்போது முதுகெல்லாம் வியர்வை. ஆனால் நேரத்துக்குப் போய்விட்டேன்.

ஏப்ரல் 10
இன்று கொள்ளுப்பிட்டியில் ஒரு பஸ் புகை கக்கிக்கொண்டு முன்னால் ஊர்ந்தது. "முந்து கொன்ஸி, முந்து!" என்று யாரோ கத்தினார்கள்.

நான்தான்.