ஜவாரிக்குச் சொன்ன இடம்

அன்பு மகன் ராண்டலுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகம், நீயும் உன் மனைவியும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாய் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்றே என்னை முடித்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி நடுவில் துண்டிக்க முடியாது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அப்பாவின் முழங்கால் தேவலை, ஆனால் மைதானத்துப் படியேறும்போது மட்டும் முனகுகிறார், மற்ற நேரம் மறந்துவிடுகிறார். சபைக்குப் புதிதாய் வந்திருக்கும் போதகர் பிரசங்கத்தை இழுக்கிற இழுப்பில் வீட்டில் பொரித்து வைத்த கோழி ஆறிப்போகிறது, மற்றபடி நல்ல மனிதர்.

இனி லவர்னுடைய மகன் ஜவாரி விஷயத்துக்கு வருகிறேன். நீ அவளுக்குப் போன் செய்த அந்த வியாழக்கிழமை அவள் எங்கே இருந்தாள் என்று உனக்குத் தெரியாது. என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். நீ பள்ளிக்கூடத்துக்கு ஃபுட்பால் ஆடிய காலத்திலிருந்து மைதானத்துத் தின்பண்டக் கடையை அவளும் நானும்தானே பார்த்துக்கொள்கிறோம், மறுநாள் ஆட்டத்துக்கு அவிக்க வேண்டிய வேர்க்கடலையை இருவரும் தொட்டியில் கழுவிக்கொண்டிருந்தோம். கை ஈரம் என்று அவள் போனை மேசைமேல் வைத்து ஒலிபெருக்கியில் போட்டாள், அதனால் நீ சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நானும் கேட்டேன்.

நடந்ததை நீயும் ஒருமுறை வரிசையாய் நினைத்துப் பார். ஜூன் மாதம் உன் யுனிவர்சிட்டி டீமின் துணைப் பயிற்சியாளனாய் ஆள் தேடி நீ வந்தபோது அவளையும் மகனையும் என் மேசைக்குத்தான் அழைத்தாய். பீச் பழப் பணியாரத்தை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பிள்ளையின் தோளில் கை போட்டு "எங்க யுனிவர்சிட்டி டீம்ல உனக்கு இடம் இருக்குடா" என்றாய். அதை நம்பித்தான் அவனை முதலில் கேட்ட நம் மாநிலத்துச் சின்னக் கல்லூரியை அவன் வேண்டாம் என்று சொன்னான். பள்ளி திறந்து ஆட்டங்கள் தொடங்கியதும் நீ அவர்கள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டாய். லவர்ன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் "உன் மகன் ரொம்ப பிஸியாடி?" என்பாள், நானும் அசடு மாதிரி ஆமாம் என்பேன். அப்புறம் நான் உன்னைப் போனில் பிடித்து உலுக்கியபோதுதானே வாயைத் திறந்தாய், "இடம் இருக்குன்னு சொன்னது நிஜம்தாம்மா, ஆனா அது ஏத்துக்கக்கூடிய இடம் இல்ல, எல்லா டீம்லயும் இப்படித்தான், நிறையப் பசங்களுக்குச் சொல்லி வச்சிட்டு கடைசியில வேணுங்கறவங்கள எடுப்போம்" என்று. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டுட்டு, வந்து வாசல்ல நிக்கிறப்ப இது உட்காரக்கூடிய அழைப்பு இல்லன்னு சொல்லுவியாடா என்று நான் போட்ட சத்தத்தில் அப்பா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வந்து நின்றார். நீயாகச் சொல்லாவிட்டால் சபையில் எழுந்து நான் சொல்வேன் என்றதும் நிஜம்தான், சொல்லியிருப்பேன்.

ஆனால் அந்த வியாழக்கிழமை நீயே லவர்னிடம் சொன்னாய். "எங்க தலைமைப் பயிற்சியாளர் சொல்லச் சொன்னார்னு அவர் மேல போட மாட்டேன், சொன்ன வாய் என் வாய். அந்த இடத்த வேற பையனுக்குக் கொடுத்தது தெரிஞ்சும் உங்ககிட்ட சொல்லத் தைரியம் வரல. ஜவாரி ஆட்டத்துல ஒரு குறையும் இல்ல" என்றாய். லவர்ன் முழங்கையால் போனை அணைத்தாள், கழுவிய கடலையையே திரும்பத் திரும்பக் கழுவினாள். அப்புறம் "என் பிள்ளைக்கு இருந்த ஒரு கதவையும் உன் மகன் சாத்திட்டானேடி" என்று அழுதாள், நானும் அழுதேன். என்னைப் போ என்று அவள் சொல்லாததே பெரிது.

பயிற்சி முடிந்து ஜவாரி வந்ததும் அந்த இடம் இல்லை என்று அவளே சொன்னாள். அவன் கேட்டது ஒன்றுதான், "நான் நல்லா ஆடலயாம்மா?" என்று. அதில்லையாம்டா, அதை ராண்டலே சொன்னான் என்றாள். அந்தப் பெரிய உடம்பு அப்படியே தளர்ந்து மூச்சு விட்டது ராண்டி. நீ போனை எடுக்காத நாளெல்லாம் தன் ஆட்டம்தான் கெட்டுப்போனது என்று நினைத்து, தட்டைப் பாதியில் தள்ளிவிட்டு எழுந்துகொண்டிருந்தானாம். இடம் கிடைக்காததைவிட அதுதான் பிள்ளையைத் தின்றிருக்கிறது. எனக்கு உன்மேல் வந்த கோபமும் வருத்தமும் இன்னும் முழுதாக அடங்கவில்லை, மறைத்து எழுதி என்ன பயன்.

மறுநாள் ஆட்டத்துக்கு அந்தச் சின்னக் கல்லூரியின் பயிற்சியாளர் புரூயிட் வந்து நின்றபோதுதான், நீ அவருக்கும் போன் செய்து "பையன்மேல் தப்பில்லை, என் பேச்சைக் கேட்டுத்தான் உங்களை வேண்டாம் என்றான்" என்று சொன்னது அவர் சொல்லி எங்களுக்குத் தெரிந்தது. என்னிடம்கூடச் சொல்லவில்லையே நீ. எதிரே வருபவனைத் தடுத்துத் தள்ளுவதுதானே ஜவாரியின் வேலை, அன்று எதிரணிப் பையன் ஒருவனைக் கோட்டுக்கு வெளியேயும் தள்ளிக்கொண்டே போய் நம் பேண்டு வாத்தியக்காரர்கள் மடியில் உட்கார வைத்தான். விதிமீறல் என்று நடுவர் கொடியை வீசினார், தப்புதான், ஆனால் பார்க்க நன்றாய் இருந்தது. ஆட்டம் முடிந்து புரூயிட் கடைக்கு வந்து, எங்ககிட்ட உங்க பையனுக்கு இன்னும் இடம் இருக்கு என்றார். லவர்ன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு "அது ஏத்துக்கக்கூடிய இடமா, கூடாத இடமா, இப்பவே சொல்லிடுங்க சார்" என்றாள். அவர் சிரித்தார், அவள் சிரிக்காததைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். "ஏத்துக்கக்கூடியதுதாம்மா. நாளைக்கே ஏதாவது மாறினாலும் அதைச் சொல்ற முதல் போன் என்னோடதா இருக்கும்" என்றார். அதற்கும் அவள் உடனே தலையாட்டவில்லை, ஜவாரியைக் கூட்டிக்கொண்டு கல்லூரியை நேரில் பார்த்து, அங்கே ஆடும் பிள்ளைகளிடம் தனியாகக் கேட்டுவிட்டுத்தான் சம்மதித்தாள். அந்தக் கல்லூரியில் சேர்வதற்கு டிசம்பரில் பள்ளி ஜிம்மில் எல்லார் முன்னாலும் கையெழுத்துப் போடுகிறான்.

நீ இப்படி உண்மையைச் சொன்னதிலிருந்து உன் தலைமைப் பயிற்சியாளர் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று உன் மனைவி சொன்னாள். வேலை போனால் போகட்டும் என்று வீரம் பேச எனக்கு வராது, தினமும் அதற்காகவும் ஜெபிக்கிறேன். ஆனால் இனி எந்த வீட்டுக்குப் போனாலும் எந்த மாதிரி இடம் என்பதைச் சாப்பாட்டுக்கு முன்பே சொல்லிவிடு, வயிறு நிறைந்த பிறகு உனக்கு உண்மை வருவதில்லை.

நான் உன்னைத் திட்டியதையெல்லாம் அந்த வியாழக்கிழமையே லவர்னிடம் ஒன்று விடாமல் சொல்லியிருந்தேன். இத்தனை வாரமும் சபையில் வேறு பெஞ்சில் உட்கார்ந்தவள் நேற்று என் பெஞ்சுக்கு வந்தாள், என் கைப்பையை இடுப்பால் இடித்துத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "கையெழுத்துப் போடுற அன்னைக்கு உன் மகன வரச் சொல்லு. எங்க மேசையில ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். உட்காரக்கூடிய அழைப்புதான்னு சொல்லு" என்றாள்.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் காப்பாராக. அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை போன் செய், கழுத்துத் துணி இல்லாமல் வெளியே போகாதே, டிக்கெட்டை இன்றைக்கே எடுத்துவிடு.

உன் அம்மா,
ஒபீலியா