சனிக்கிழமைக் குப்பி

மார்ச் 7, வெள்ளி

பாப்பாவின் அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கென்ன குறை!

மூன்றாவது வாரமாகச் சனிக்கிழமைக் குப்பி உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது. புதன்கிழமை என் வீட்டில் பிடிக்கும் சிறுநீரில் ஒவ்வாமை அளவு ஒழுங்காக இருக்கிறது. உங்கள் வீட்டில் பிடிப்பதில் மட்டும் எகிறுகிறது. முட்டை அவளுக்கு ஆகாது என்று எத்தனை தடவை தலையில் அடித்துக்கொள்வது? தோலில் தடிப்பு வராவிட்டாலும் சிறுநீரில் தெரிந்துவிடும் என்று டாக்டர் அன்றே சொன்னாரே. ஊசியைக் கண்டால் வீட்டை இரண்டாக்குகிறவள் என்பதால்தான் இந்தச் சோதனையே.

இன்னொரு தடவை ஏறினால் வாரக்கடைசியில் அவளை அனுப்ப மாட்டேன். புதுக் குப்பி அவள் பையில் இருக்கிறது.

பாப்பாவின் அம்மா

மார்ச் 9, ஞாயிறு

பாப்பாவின் அம்மாவுக்கு,

என் வீட்டில் முட்டை ஓடுகூடக் கிடையாது. தட்டு, கரண்டி முதற்கொண்டு அவளுக்குத் தனி. வாயைத் திறந்தால் வம்பு என்றுதான் இதுவரை பொறுத்தேன்.

நேற்று பரிசோதனைக்கூடத்து அம்மாவிடமே கேட்டேன். "காலைல எழுந்ததும் பிடிக்கிறீங்களா? அப்ப அது முந்தின நாள் சாயங்காலத்துக் கதைங்க" என்றார்.

வெள்ளி இரவு ஏழு மணிக்கு என் வாசலில் அவளை விட்டுவிட்டு, உள்ளேகூட வராமல் திரும்புகிறாய். அவளோ "பசிக்கலப்பா" என்று சுருண்டு படுத்துவிடுகிறாள். அப்படியானால் எங்கே, என்ன தின்றாள்? என்னைக் குறை சொன்ன நேரத்தில் அதை யோசித்திருக்கலாம்.

பாப்பாவின் அப்பா

மார்ச் 11, செவ்வாய்

உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழிக்கத்தான் போனேன். அப்புறம்தான் பன் ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமை அவளை அனுப்ப மனசு கேட்காமல், பேருந்து நிறுத்தத்துக் கடையில் ஒரு பன் வாங்கித் தருவேன். மாவில் முட்டை இல்லையே என்று கேட்டுத்தான் வாங்கினேன். மேலே அந்தப் பளபளப்பு எப்படி வந்தது என்று இன்றுதான் கேட்டேன். "சுடறதுக்கு முன்னாடி முட்டை தடவுவோம்மா" என்றார் கடைக்காரர். அவமானத்தில் கூனிக் குறுகிப் போனேன்.

பன் தின்றால் வயிறு வலிக்குமா என்று பாப்பாவிடம் கேட்டேன். எல்லா வெள்ளிக்கிழமையும் வலிக்குமாம்.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா அப்பாகிட்ட அனுப்ப மாட்டியே."

ஏழு வயசுப் பிள்ளை, வலியை மூன்று வாரம் என்னிடம் மறைத்திருக்கிறது. உங்கள் மேல் இருந்த கோபத்தில் நான் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மன்னித்துவிடுங்கள். டாக்டரிடமும் தப்பு என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டேன்.

இந்த வெள்ளி நீங்களே வந்து அழைத்துப் போங்கள். என்னைப் போல வாசலோடு திரும்ப வேண்டாம்.

பாப்பாவின் அம்மா