படித்ததாகக் கொள்ளப்பட்டது

மார்ச் 3, செவ்வாய்

கோடு கோணலாகப் போகிறது. இந்த நோட்டுதான் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாழ்நாளெல்லாம் வண்டிப் பட்டறையில் ஸ்பேனர் பிடித்த கை, பேனாவையும் முடுக்கப் பார்க்கிறது. ‘ழ’ மட்டும் இன்னும் என்னோடு மல்லுக்கு நிற்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். எழுபது தாண்டி, பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்பில் கற்ற எழுத்து.

அங்கேதான் என் மகள் பதிவாளர். கணித விரிவுரையாளராகச் சேர்ந்து, துறைத்தலைவர், தேர்வு அதிகாரி என்று படிப்படியாக ஏறினாள். ஒவ்வொரு தடவையும் அவள் அறைக் கதவில் புதுப் பலகை மாட்டுவார்கள். நான் போய்த் தடவிப் பார்த்துவிட்டு வருவேன். போன மாதம்தான் முதல் தடவையாகப் படித்தேன். ஜூனில் துணைவேந்தர் ஓய்வு பெறுகிறார். அடுத்தது இவள்தான் என்று பேச்சு. அந்தச் சொல்லை இப்போதே பழகி வைக்கிறேன்.

மார்ச் 6, வெள்ளி

துணைவேந்தர். துணைவேந்தர். துணைவேந்தர். மூன்றாவது பரவாயில்லை.

மார்ச் 11, புதன்

மாத முடிவோடு வகுப்பை மூடுகிறார்களாம். ஆட்சிக்குழுவில் தீர்மானம் ஆகிவிட்டதாம். என் பக்கத்தில் உட்காரும் லாரிக்காரர் என்னையே பார்த்தார். டீச்சர் என் மகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சுத்தமாக இருந்த கரும்பலகையையே துடைத்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 12, வியாழன்

மகளிடம் கேட்டேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

அங்கே ஒரு வழக்கமாம். தீர்மானங்கள் கட்டாக வரும். பதிவாளர் எழுந்து, “படித்ததாகக் கொள்ளலாமா?” என்று கேட்க வேண்டும். எல்லோரும் தலையாட்டுவார்கள். பிறகு தேநீர். விடுதிக் குழாய் ரிப்பேருக்கும் வண்டி நிறுத்துமிடத்துக்கும் நடுவே வகுப்பை மூடும் தீர்மானத்தைத் துணைவேந்தர் செருகியிருக்கிறார்.

“நானும் படிக்கலப்பா” என்றாள்.

படிக்காமலே படித்ததாக வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் எதற்கு இந்த ‘ழ’வோடு மாரடிக்கிறேன்? சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

அடுத்த கூட்டத்தில் இதை வெளிப்படையாகச் சொல்லித் தீர்மானத்தைத் திரும்பப் பெறக் கேட்பாளாம். புதுத் துணைவேந்தருக்குப் பெயரைப் பரிந்துரைப்பதும் அதே குழுதான். நடந்தது நடந்துபோச்சு, விட்டுவிடு என்றார் மருமகன்.

மார்ச் 15, ஞாயிறு

நானும் அதையேதான் சொன்னேன். “அம்மாடி, எனக்குப் படிக்க வந்துடுச்சு. வகுப்பு போனா போகட்டும். நீ வாயத் திறக்காத.”

“உங்களுக்கு வந்துடுச்சுப்பா. லாரிக்காரருக்கு இன்னும் பேரெழுத வரலன்னு நீங்கதானே சொன்னீங்க?”

என்னை அப்படிப் பேச வைத்தது எது? பலகை ஆசை. வேறென்ன?

மார்ச் 27, வெள்ளி

கூட்டம் முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். பழைய தீர்மானங்களை முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்திருக்கிறாள். தேநீர் ஆறிப்போனதாம். “நாங்க என்ன எழுதப் படிக்கத் தெரியாதவங்களா மேடம்?” என்றாராம் ஒருவர்.

“போன தடவை என்னென்ன நிறைவேத்தினோம்னு சொல்லுங்க சார், நான் நிறுத்திக்கிறேன்.”

ஆளாளுக்குக் கட்டைப் புரட்டித் தேடினார்களாம். தன் பிழையையும் சொல்லி, குறிப்பில் பதியவைத்திருக்கிறாள். வகுப்பை மூடும் தீர்மானம் ரத்து. துணைவேந்தர் அவளைப் பார்க்காமலே எழுந்து போனாராம்.

சந்தோஷப்படுவதா, என்ன செய்வது? வகுப்பு இருக்கிறது. அவள் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

ஜூன் 7, ஞாயிறு

வெளியிலிருந்து ஒருவர் துணைவேந்தராக வந்துவிட்டார். இவளுக்குப் பதிவாளர் பதவி நீட்டிப்பும் இல்லை. கணிதத் துறைக்கே திரும்பிவிட்டாள். வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தேன். மாடிப்படி ஓரத்தில் சின்ன அறை, பலகையும் சின்னது. அவள் பெயர், கீழே ‘பேராசிரியர்’. எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் படித்தேன்.

“வருத்தமாப்பா?” என்றாள்.

“அந்தப் பெரிய அறையில ஜன்னலே கிடையாதும்மா” என்றேன்.

அன்று மாலை வகுப்பில் ஆளுக்கொரு சொல் எழுதச் சொன்னார் டீச்சர். இத்தனை நாள் பழகியதை வீணாக்குவானேன்? பிழையில்லாமல் எழுதினேன்: துணைவேந்தர். டீச்சர் அதைச் சத்தமாகப் படித்தார்.

“யாரு அது, பெரிசு?” என்றார் லாரிக்காரர்.

“யாரோ புதுசா வந்திருக்காங்களாம்” என்றேன்.

அவர் தன் பெயரில் பாதி எழுதிவிட்டார். மீதி வரும் வெள்ளிக்கிழமையாம். எழுதினாரா என்று அடுத்த வாரம் இங்கே குறித்து வைக்கிறேன்.