பிஸ்கட் டப்பாவுக்குள் ஒரு மேளம்

மோளே,

யாரும் நம்பமாட்டாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன் என்று வடக்குநாதர் மீது ஆணையிட்டுத் தொடங்குகிறேன்.

செவ்வாய்க்கிழமை திருச்சூர் ஆஸ்பத்திரியில் என் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். இதயம் அடித்த அடியில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான்கு டாக்டர்கள் பூரத்து மேளம் கேட்பவர்களைப் போலக் கையை உயர்த்தித் தாளம் பிடித்தார்கள். ஐந்தாவது அடி வரவில்லை. நான்கு கைகளும் அந்தரத்தில் நின்றுவிட்டன!

"இது எப்பலேருந்து?" என்றார் பெரிய டாக்டர்.

"போன மாசமே என் தங்கச்சி மக கண்டுபிடிச்சிட்டா சார். பயோமெடிக்கல் இன்ஜினியரிங், கடைசி வருஷம். பிஸ்கட் டப்பாவுக்குள்ள அவளே செஞ்ச மெஷின்!"

அவர் எழுந்து உன் கல்லூரி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"இத்தன பொய்ய சுமந்தா எந்த நெஞ்சுதான் தாங்கும்?" என்கிறாள் என் பெண்டாட்டி, உன் அம்மாயி. அடுத்த வாரம் டாக்டர்களுக்கு என் நெஞ்சில் ஏதோ சின்ன வேலை இருக்கிறதாம். நீ கிளம்பி வராதே.

நீ எடுத்த என் இதய வரைபடத்தில் அடி விட்டுவிட்டு வருவதைப் பார்த்து, சர்க்யூட் கோளாறு என்று உன் பேராசிரியர் ப்ராஜெக்டைத் திருப்பிவிட்டாராமே. நீ அழுதுகொண்டே டப்பாவைப் பிரித்துப் போட்டாயாம். மறுபடி சேர்த்துப் பூட்டு. ஆஸ்பத்திரி வரைபடத்தை இதோடு வைத்திருக்கிறேன். பேராசிரியர் மேஜையில் உன்னுடையதற்குப் பக்கத்தில் அதை விரித்து வை.

மேலே எழுதியதில் பெரும்பாலானது என் சொந்தச் சரக்கு. ஆனால் நான்கு அடிக்கு ஒருமுறை இரண்டு காகிதத்திலும் ஒரே மாதிரி இடைவெளி விழுகிறதே, அது மட்டும் நிஜம்.

தலைகால் புரியாத பெருமையுடன்,
உன் அம்மாவன்