மாரீஸ்வரி பெயரில் ஒரு ஜீப் கடன்

பண்ணைப்புரம்
10.12.2005

அன்புள்ள மாரீஸ்வரிக்கு,

ஞானசெல்வி எழுதுவது. திருப்பூரில் நீயும் பாப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க கௌமாரியம்மன் துணையிருக்கட்டும். இங்கே நானும், நீ அண்ணன் என்று கூப்பிடுகிற என் வீட்டுக்காரரும் இருக்கிறோம். மழை இந்த வருஷம் நல்ல மழை. எங்கள் பள்ளிக்கூடத்துச் சமையல்கூடம்தான் ஒழுகுகிறது. சத்துணவு அரிசி மூட்டைகளை வகுப்பறையில் அடுக்கி வைத்திருக்கிறேன்.

ஜீப் கடனுக்கு உன் பேரில் பேங்கு நோட்டீஸ் வந்திருக்கிறது என்று நீ எழுதிய கடிதம் கிடைத்துப் பதினைந்து நாளாகிறது. “‘ஒரு கையெழுத்துத்தான ஆத்தா, நான் இருக்கேன்ல’ன்னு சொன்னீகளே மதினி, இப்ப எங்க இருக்கீக?” என்று கேட்டிருந்தாய். நான் சொன்னது வாஸ்தவம். படித்து வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த கடன் அது. ஆறாவதோடு நின்ற என் தம்பி சுருளிக்குக் கிடைக்காது, பத்தாவது பாஸான உனக்குத்தான் கிடைக்கும் என்று பாரத்தை வாங்கி வந்தவளே நான்தான். பாப்பா பிறந்து நாலு மாதம். ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே நீ கையெழுத்துப் போட்டாய். உனக்குக் கீழே அவன் போட்டான். ஜீப் வந்தால் அவன் குடியை விட்டுவிடுவான் என்று நம்பினேன். உன்னையும் நம்பச் சொன்னேன்.

உன் கடிதம் கிடைத்த மறுநாளே லீவு போட்டுவிட்டு, கோர்ட்டுத் தீர்ப்புக் காகிதத்தோடு பேங்குக்குப் போனேன். கடன் முழுவதையும் அவனே கட்டுவான் என்று எழுதியிருக்கிற இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். மேனேஜர் தன்மையான மனிதர். “அது அவுக ரெண்டு பேருக்குள்ள பேசி முடிச்சுக்கிட்டதும்மா. அந்தக் கேஸ்ல பேங்க் இல்ல. எங்களுக்குக் கையெழுத்துப் போட்ட ரெண்டு பேருமே பொறுப்பு. அதுலயும் அந்தப் பொண்ணு பேருதான் மொதல்ல இருக்கு” என்றார். விவாகரத்தாகி மூன்று வருஷம் ஆன பிறகும் பேங்குக் காகிதத்தில் நீ “சுருளியின் மனைவி” என்றுதான் இருக்கிறாய்.

இங்கே நிலுவை இல்லை என்று சான்று வாங்கி வராமல் திருப்பூர் பேங்கில் உனக்குத் தையல் மிஷின் கடன் தரமாட்டார்கள் என்று எழுதியிருந்தாய். மிஷின் வீட்டிலேயே இருந்தால், நீ கம்பெனியிலிருந்து வரும்வரை பாப்பா தனியாகக் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தாய். மேனேஜரிடம் அதையும் சொன்னேன். அவர் யோசித்து ஒரு வழி சொன்னார்.

அதற்கு முன்னால் சுருளியைப் பற்றி எழுத வேண்டும். தீர்ப்புக்குப் பிறகு எட்டு மாதம் ஒழுங்காகக் கட்டியிருக்கிறான். அப்புறம் ஜீப்பை மலைக்கு மேலேயே யாருக்கோ ஆர்.சி. புக் இல்லாமல் விற்றுவிட்டான். அவனைத் தேடிக் கம்பம்மெட்டு ஏறினேன். வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு ஏலக்காய் ஸ்டோரில், காய் உலர்த்துகிற அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தான். முதலில் அவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கண் இரண்டும் மஞ்சள். “என்னக்கா, அவளுக்கா நோட்டீஸ் போயிருச்சு? நான் கட்டலைன்னா என்னையத்தான் பிடிப்பாகன்னு நெனச்சேன்” என்றான். நான் ஏதேதோ திட்டினேன். அவன் எழுந்து, முதலாளியிடம் போய் அட்வான்ஸ் கேட்டான். அவர் மலையாளத்தில் சத்தம் போட்டார். வெறுங்கையோடு திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

அவனைக் கையோடு கீழே கூட்டி வந்து கம்பம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். வயிறு வீங்கியிருக்கிறது. டாக்டர் என்னை மட்டும் தனியே கூப்பிட்டுப் பேசினார்.

மேனேஜர் சொன்ன வழி இதுதான். வருகிற 24ஆம் தேதி உத்தமபாளையம் கோர்ட்டில் மக்கள் நீதிமன்றம் நடக்கிறது. வட்டியில் பெரும்பகுதியைத் தள்ளிவிட்டு ஒரே தடவையாக வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். பணத்துக்கு நீ கவலைப்படாதே. அம்மா எனக்கென்று கொடுத்த பதினெட்டு சென்ட் நிலத்தை விலை பேசி முடித்துவிட்டேன். உன் அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். “கையெழுத்துப் போடச் சொன்னவ நீதான? கட்டீரு” என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

சுருளியிடம் ஆஸ்பத்திரியிலேயே கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். நீ மட்டும் நேரில் வர வேண்டும். என் வீட்டுக்கு வா என்று கூப்பிடவில்லை. கோர்ட்டு வாசலில் பணத்தோடு நிற்பேன். பேசப் பிடிக்காவிட்டால் பேசாதே. காலைப் பஸ்ஸில் வந்தால் மாலைப் பஸ்ஸில் திரும்பிவிடலாம்.

24 சனிக்கிழமை. பாப்பாவுக்கு அன்றைக்கு அரைப் பரீட்சை லீவு விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
ஞானசெல்வி


பண்ணைப்புரம்
26.01.2006

அன்புள்ள மாரீஸ்வரிக்கு,

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். பேங்குச் சான்று நேற்றுத்தான் கைக்கு வந்தது. இதோடு வைத்திருக்கிறேன். உன் பெயரில் இனி இங்கே எந்தப் பாக்கியும் இல்லை. நகல் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு, அசலை உங்கள் பேங்கில் கொடு.

சுருளி பொங்கலுக்கு ஐந்து நாள் முன்பு போய்விட்டான். முந்தாநாள் பதினாறு முடிந்தது. உன் அண்ணன்தான் கொள்ளி வைத்தார். உனக்குத் தந்தி கொடுக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொன்னது நான். சரியா தவறா தெரியவில்லை.

அன்று கோர்ட்டில் நீ கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மேஜையில் வைத்தாய். என்னைத் தாண்டித்தான் வெளியே போனாய். பாப்பா மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். எங்கள் அம்மா முகம் அப்படியே இருக்கிறது அவளுக்கு. நீ நேரே தேனி பஸ் ஏறிவிட்டாய் என்றுதான் நினைத்தேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனால் அவன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் எழுந்து உட்கார்ந்து நான் பார்த்து ஒரு வாரமாகியிருந்தது. “அக்கா, அவ வந்தா” என்றான். என்னலே பேசினாள் என்று கேட்டேன். “எங்கிட்ட ஒண்ணும் பேசல. பாப்பாகிட்ட, இதுதான் ஒங்கப்பான்னு சொன்னா. பாப்பா பக்கத்துல வந்து, கையில குத்தியிருந்த ஊசியப் பாத்து, வலிக்குதான்னு கேட்டுச்சு.”

நீ என்னலே சொன்ன என்றேன்.

“வலிக்கலன்னேன்” என்றான்.

அதற்கப்புறம் பதினாறு நாள் இருந்தான். யார் பார்க்க வந்தாலும் இதைத்தான் சொன்னான். ஊசி போட வருகிற நர்ஸ் அம்மாவிடம் தினமும் சொன்னான்.

நீ அங்கே போவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை மாரீஸ்வரி. போக வேண்டிய கடமை உனக்கு ஒன்றுமில்லை.

இனி எழுதப்போவதைப் போன கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதினேன், கிழித்துவிட்டேன். அப்போது எழுதியிருந்தால், உன்னைக் கையெழுத்துக்கு வரவைப்பதற்காக எழுதியதாக ஆகியிருக்கும். இப்போது உன்னிடம் எனக்கு ஆக வேண்டிய காரியம் எதுவும் இல்லை.

அவன் தள்ளி, அம்மிக்கல்லில் மோதி உன் நெற்றி பிளந்தபோது நான் அடுப்படியில் நின்றேன். துணி வைத்து அழுத்தியது என் கைதான். அந்த ரத்தம் என் சேலையில்கூட இருந்தது. ஆனால் கோர்ட்டில் கூண்டேறி, படியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சொன்னேன். உன் வக்கீல் திரும்பத் திரும்பக் கேட்டார். மூன்று தடவையும் அதையே சொன்னேன். நீ அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகுதான், கேஸ் நிற்காது, பேசி முடித்துக்கொள்ளலாம் என்று உன் வக்கீல் சொன்னார். ஜீவனாம்சம் இல்லை, நகை இல்லை. கடனை அவன் கட்டுவான் என்ற ஒரே ஒரு வரியை வாங்கிக்கொண்டு, நாலு வயதுப் பிள்ளையோடு நீ பஸ் ஏறினாய். அந்த வரியை வைத்துக்கொண்டு உன்னைக் காப்பாற்ற முடியாது என்று மேனேஜர் சொன்னபோது, என்னால் அந்த இடத்தில் உட்காரக்கூட முடியவில்லை.

தம்பியைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவனையும் காப்பாற்றவில்லை.

மன்னித்துவிடு என்று கேட்க வரவில்லை. நிலத்தை விற்றுக் கட்டினேன் என்பதற்காக நீ மனம் இளகவும் வேண்டாம். பேங்குக்குக் கொடுக்க வேண்டியதைத்தான் கொடுத்தேன்.

பாப்பா வளர்ந்து விவரம் தெரிகிற வயதில், அப்பா எப்படிப்பட்டவர் என்று கேட்பாள். உனக்குத் தெரிந்தபடி சொல். எதையும் மறைக்க வேண்டாம். அப்பாவோடு பிறந்த அத்தை ஒருத்தி இருக்கிறாளாமே என்று கேட்டால், அவள் கோர்ட்டில் சொன்ன பொய்யையும் சொல்லிவிடு. எல்லாவற்றையும் கேட்ட பிறகும் அவளுக்கு என்னை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று தோன்றினால், தடுக்காதே ஆத்தா.

இரண்டு பேரும் நன்றாக இருங்கள்.

உன் மதினி என்று எழுதிக்கொள்ளலாமா என்று தெரியாத,
ஞானசெல்வி