வெள்ளிக்கிழமைத் தையல் வகுப்பு

பிப்ரவரி 3

அன்புத் தம்பி கொட்டாவிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு நலம். உன் நலம் அறிய ஆவல் என்றால் சிரிப்பாய், ஆனாலும் ஆவல்தான். சின்ன வயதில் எந்தப் படத்துக்குக் கூட்டிப்போனாலும் பாதியில் வாயைப் பிளந்து தூங்கியவன், இன்று ஒரு டைரக்டருக்குக் கதை எழுதிக்கொடுக்கும் உதவியாளன். காலக் கொடுமைதான்.

சரி, இந்த மாதம் பார்த்த படங்கள். முதலாவது போலீஸ் படம். நாற்பது பேர் சுட்டும் ஹீரோவின் சட்டையில் ஒரு சுருக்கம் விழவில்லை. அதை இஸ்திரி போட்டவருக்குத்தான் விருது கொடுக்க வேண்டும். அடுத்தது காதல் படம். இரண்டு பேரும் இரண்டரை மணி நேரம் மழையில் நின்று அழுகிறார்கள். குடை என்று ஒரு பொருள் இருப்பதை யாராவது சொல்லியிருக்கலாம். மூன்றாவது பேய்ப் படம். பேய் நன்றாக நடித்தது, எனக்குத்தான் பயம் வரவில்லை. எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கினால் அந்தப் பேயே பெட்டியைக் கட்டிவிடும்.

உன் மாமா இன்னும் நான் வெள்ளிக்கிழமை மதியம் தையல் வகுப்புக்குப் போவதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். சினிமாக் கொட்டகை கெட்டுப்போனவர்கள் போகிற இடம் என்பது அவர் கட்சி. என்ன தைத்தாய் என்று மாதம் ஒருமுறை கேட்பார். கிடங்கில் சரக்கு சரிபார்க்கிற மனிதர், கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். போன மாதம் பழைய துணிக் கடையில் ஒரு குழந்தைக் கவுன் வாங்கி, லேபிளை பிளேடால் எடுத்துவிட்டு, ஓரத்தில் கொஞ்சம் தையலைப் பிரித்து நானே கோணலாகப் போட்டுக் காட்டினேன். "இதுக்கு ஒரு வருஷமா?" என்றார். பால் பொங்கி வழிந்ததற்கே பத்தொன்பது நாள் என்னோடு பேசாமல் இருந்தவர். இது தெரிந்தால் என்ன ஆகுமோ. ஆனால் அந்த மூன்று மணி நேர இருட்டு இல்லாவிட்டால் மீதி ஆறு நாளை என்னால் தள்ள முடியாதுடா.

பதிலை வழக்கம்போலக் கீழ்வீட்டு நர்ஸ் அக்கா விலாசத்துக்கே போடு. போனில் எதுவும் அனுப்பாதே. தினமும் எடுத்துப் பார்ப்பார்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 20

அன்பு அக்காவுக்கு,

லேபிள் விஷயத்தைப் படித்துவிட்டு அறையில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து அறைக்காரன் கதவைத் தட்டிக் கேட்டான். பிளேடு பிடிக்கும்போது கை நடுங்கியதா? கவுனை அவரிடம் நீட்டியபோது எங்கே பார்த்துக்கொண்டு நின்றாய்? எல்லாவற்றையும் எழுது. இங்கே நாள் முழுக்கப் பொய்க் கதைகள் கேட்டுக் காது புளித்துவிட்டது. உன் கடிதம்தான் எனக்கு ஆறுதல்.

என்றும் உன்,
கொட்டாவி


டிசம்பர் 8

அன்புத் தம்பிக்கு,

நேற்று வெளியான உங்கள் படத்தைப் பார்த்து ஒளிவுமறைவில்லாமல் அபிப்பிராயம் எழுதச் சொல்லியிருந்தாய். பார்த்தேன்.

நாயகி நன்றாக இருக்கிறாள். நான் அவ்வளவு அழகில்லை. அவள் லேபிளை பிளேடால் எடுக்கும் இடத்தில் கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. பக்கத்து சீட்டுப் பெண் என் கையைத் தட்டி, எவ்வளவு கெட்டிக்காரி பாருங்கள் என்றாள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் தெரிந்துவிடுமோ என்று பயம்.

வெள்ளிக்கிழமை, தையல் வகுப்பு, கிடங்கு, பத்தொன்பது நாள். ஒன்றையாவது மாற்ற உனக்குத் தோன்றவில்லையா? கடைசியில் தம்பிக்காரன் வண்டி எடுத்துக்கொண்டு வந்து அவளை அழைத்துப்போகிறான். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதை மட்டும் நான் கடிதத்தில் எழுதிய நினைவில்லை.

உன் மாமா படம் பார்க்கமாட்டார். கிடங்கில் வேலை செய்யும் இருபது பேரும் பார்ப்பார்கள். உங்கள் டைரக்டரிடம் சொல்லிக் கிழமையையாவது மாற்று. ஒரு வார்த்தை மாற்றினால் போதுமே. உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அக்கா


டிசம்பர் 15

அன்பு அக்காவுக்கு,

வெளிவந்த படத்தில் எதை மாற்றுவது? எல்லோரும் அந்த லேபிள் காட்சியைத்தான் பேசுகிறார்கள். டைரக்டர் நாலு பேர் முன்னால் என்னைக் கட்டிக்கொண்டார். முதல்முறையாகத் திரையில் என் பேர் வந்திருக்கிறது. அதைப் பற்றி நீ ஒரு வரி எழுதவில்லை. எனக்கு வருத்தம்தான், பரவாயில்லை.

நீ சும்மா பயப்படுகிறாய். உன்னைப் போல ஊரில் ஆயிரம் பெண்கள். எழுதுகிறவனுக்கு அக்காவாகப் பிறந்தால் கொஞ்சம் பொறுத்துத்தான் போக வேண்டும். அது கிடக்கட்டும், பத்துக்கு எத்தனை மார்க்?

உன் தம்பி


ஜனவரி 25

தம்பி,

அவர் பார்த்துவிட்டார்.

கிடங்கில் யாரோ சொல்லி, முதலில் தனியாகப் போயிருக்கிறார். மறுநாள் இரண்டு டிக்கெட்டோடு வந்து என்னைக் கிளம்பச் சொன்னார். கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து பார்த்த முதல் படம் உன்னுடையது. இடைவேளையில் எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். லேபிள் காட்சியில் எல்லோரும் சிரித்தபோது அவர் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து திட்டவில்லை, அடிக்கவில்லை. அந்த வாரமே கூடத்துக்கு ஒரு தையல் மெஷின் வந்தது. வெள்ளிக்கிழமை மதியம் லீவு போட்டுவிட்டு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். "ரெண்டு வருஷம் படிச்சிருக்கியே, ஒரு கவுன் தை, பார்ப்போம்" என்றார். எனக்கு நூல் கோக்கக்கூடத் தெரியாது. ஊசி விரலில் இறங்கியபோதும் நிறுத்தவிடவில்லை. ஐந்தரை அடித்ததும் எழுந்து, தைத்ததை எல்லாம் பிரித்து வைக்கச் சொன்னார். போகும்போது ஒன்று சொன்னார்.

"கடைசில தம்பி வண்டி எடுத்துக்கிட்டு வருவான்ல? அதுவரைக்கும் தைச்சுக்கிட்டு இரு."

மூன்று வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. அவர் இதைச் சொல்லாத வாரம் இல்லை.

ஒரு பெட்டி கட்டி நர்ஸ் அக்கா வீட்டில் வைத்திருக்கிறேன். பிப்ரவரி முதல் ஞாயிறு காலை முடிவெட்டப் போவார். ஒரு மணி நேரம் கிடைக்கும். வண்டிகூட வேண்டாம், நடந்தாவது வா. தனியாகப் படியிறங்க எனக்குக் கால் வரவில்லை. இனி வேறு எதுவும் உன்னிடம் நான் கேட்கமாட்டேன்.

உன் அக்கா


பிப்ரவரி 1

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் படித்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. டைரக்டருக்குப் படித்துக் காட்டினேன். அவரும் கண்கலங்கிவிட்டார். இரண்டாம் பாகம் எடுப்பது என்று அங்கேயே முடிவாகிவிட்டது. தையல் மெஷின் வீட்டுக்கு வருவதுதான் முதல் காட்சி.

சில விஷயம் தெரிய வேண்டும். ஊசி இறங்கியது எந்தக் கை, எந்த விரல்? ரத்தம் துணியில் பட்டதா? அப்போது மாமா முகம் எப்படி இருந்தது? அந்த ஐந்தரை மணி வசனம் அற்புதம். எங்களில் ஒருவனுக்கும் இப்படி எழுத வராது.

ஞாயிறு கதை விவாதம் இருக்கிறது. வர முடியாது. அடுத்த மாதமும் சந்தேகம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு இரு. அவசரப்பட்டு எதுவும் செய்துவிடாதே. ஒன்றுவிடாமல் எழுது.

பாசத்துடன்,
கொட்டாவி


பிப்ரவரி 7

உதவி இயக்குநர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் திங்கட்கிழமைதான் கைக்கு வந்தது. அதனால் ஞாயிறு காலை ஒரு மணி நேரமும் வாசலிலேயே நின்றிருந்தேன். அவர் முடிவெட்டிக்கொண்டு திரும்பினார். என்னைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், குளிக்கப் போனார். நான் பெட்டியை மேலே கொண்டுவந்து துணிகளை அலமாரியில் அடுக்கினேன்.

நீங்கள் கேட்ட விவரங்களுக்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் நாயகிக்கு எந்த விரல் எடுப்பாக இருக்கிறதோ அதில் குத்திக்கொள்ளுங்கள். நர்ஸ் அக்கா இனி எனக்குக் கடிதம் வாங்கமாட்டார். நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நிறையப் படம் பார்த்தவள் என்ற முறையில் ஒரே ஒரு அபிப்பிராயம். இரண்டாம் பாகத்தில் தம்பி பாத்திரம் வேண்டாம். ஒருமுறை கைதட்டிவிட்டார்கள். மறுமுறை யாரும் நம்பமாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு ரசிகை