கொழுந்தனார் எழுதாத புத்தகம்

ஜனவரி 9, வெள்ளி

பேனா தீர்ந்துவிட்டது. மகளின் பச்சைப் பேனாவில் எழுதுகிறேன்.

ஆன்லைன் நுழைவுப் பாடத்தில் சேர்ந்து ஆறு வாரம். தேறினால் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்க இடம். பள்ளியைப் பாதியில் விட்ட எனக்கு உள்ளே போக வேறு வழி கிடையாது. இதுவரை இரண்டு கட்டுரை அனுப்பினேன். இரண்டுக்கும் "நல்ல முயற்சி" என்றே வந்தது. ஓர் எழுத்து மாறவில்லை. டீச்சர் என்று ஒருவர் உண்மையிலேயே இருக்கிறாரா? படத்தில் சிரிக்கிறார். படத்தில் யார்தான் சிரிக்கவில்லை!

பதினோரு வருடமாகத் தையல் ஆலை வாசலில் பெண்களின் பைகளைச் சோதிக்கிறேன். சும்மா நம்பிவிட என்னால் முடியாது.

ஜனவரி 13

வீட்டுக்காரர் சொல்கிறார்: "எல்லாம் மெஷின்தான் படிக்குது. கண்ணைக் கெடுத்துக்காதே." இந்த ஒரு விஷயத்தில் நானும் அவர் கட்சி.

ஜனவரி 24, சனி

கடைசிக் கட்டுரை முடிந்தது. நூறு வருடத்துக்கு முந்தைய ஓர் ஆலையின் வாசல் பதிவேட்டைப் படம் பிடித்துக் கொடுத்திருந்தார்கள். முப்பது நாளும் "சோதித்தேன், ஒன்றும் இல்லை". முப்பது நாளும் ஒரே மை, ஒரே அழுத்தம். தினமும் எழுதிய கை அப்படி இருக்காது. மாதக் கடைசியில் ஒரே மூச்சில் எழுதி முடித்தது என்று எழுதினேன். எனக்குத் தெரியாதா? சனிக்கிழமையானால் நானும் எங்கள் ஆலை வாசல் பதிவேட்டில் வாரம் முழுவதையும் அப்படித்தான் எழுதுகிறேன். அதைக் கட்டுரையில் சொல்லவில்லை.

பிறகு ஒரு பொறி வைத்தேன். ஆதார நூல்களின் பட்டியலில், உலகத்திலேயே இல்லாத ஒரு புத்தகத்தைச் சேர்த்தேன்: "ஆலை வாசல்கள்". ஆசிரியர், என் கொழுந்தனார். மனிதர் வாழ்நாளில் பஸ் டிக்கெட்டைத் தவிர எதையும் படித்ததில்லை. யாராவது படித்தால் கேட்கட்டும்.

பிப்ரவரி 6

ஒன்றும் வரவில்லை. நான்தான் சொன்னேனே.

பிப்ரவரி 11, புதன்

வந்தது. அந்த நூல் எங்கும் இல்லையாம். இல்லாத நூலைச் சேர்ப்பது மெஷின் எழுதும் கட்டுரைகளின் வழக்கமாம். வெள்ளிக்கிழமை வீடியோவில் விளக்கம் தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் என்னைப் பாடத்திலிருந்து நீக்கிவிடுவார்கள்.

நானா மெஷின்? ஒவ்வொரு வரியும் வேலை முடிஞ்சு வந்து அடுப்படியில நின்னுக்கிட்டே எழுதினது! இந்தக் கிறுக்குத்தனம் எனக்குத் தேவையா?

பிப்ரவரி 13, வெள்ளி

டீச்சர் இருக்கிறார். தடித்த கண்ணாடி, மூக்கடைப்பு, முதுகுக்குப் பின்னால் துணி காயும் கொடி.

"நீங்க படிக்கிறீங்களான்னு பார்க்கத்தான் மேடம் வச்சேன். டைரியில எழுதியிருக்கேன்." ஜனவரி 24-ஐக் கேமராவில் காட்டினேன்.

"நேத்து உக்காந்துகூட இதை எழுதியிருக்கலாமே?"

கோபம் வரவில்லை. நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"சரி, நீங்க கட்டுரையில சொன்ன மாதிரியே பார்ப்போம். முன்னாடி பக்கங்களைப் புரட்டுங்க. மெதுவா."

புரட்டினேன். நீலம். பச்சை. பேனா தீரும்போது விழுந்த வெறும் கீறல்கள். ஈரக்கையோடு எழுதி மை பரவிய பக்கம். அவர் முகம் திரை முழுக்க வந்துவிட்டது.

"ஒரே நாள்ல எழுதினது இல்ல," என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கட்டுரையை வரி விடாமல் படித்திருக்கிறார். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டேன்: "அப்போ அந்த 'நல்ல முயற்சி'?"

"முதல் ரெண்டும் சுமார்தான். வேற என்ன எழுதச் சொல்றீங்க?"

பிப்ரவரி 20

தேறிவிட்டேன். இல்லாத புத்தகத்துக்குப் பத்து மதிப்பெண் வெட்டு. நியாயம்தான். கொழுந்தனார் கேட்கிறார்: "என் புத்தகத்துக்கு என்ன குறை அண்ணி?"

மார்ச் 2, திங்கள்

பல்கலைக்கழகத்திலிருந்து சேர்க்கைக் கடிதம். முத்திரை, கையெழுத்து எல்லாம் பார்த்தேன். போன் போட்டும் கேட்டேன். உண்மைதான்.

வேலைக்குப் போனதும் வாசல் பதிவேட்டைத் திறந்து இன்றைய நாளை மட்டும் எழுதினேன். கூடச் சோதிப்பவள் எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, சனிக்கிழமை சேர்த்து எழுதிக்கலாமே?"

"இல்லடி. யாராவது படிப்பாங்க."